தையல் மிஷின் மேல் ஒரு டேப்

திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் 1991இல் எஸ்டிடி பூத் வைத்தேன், 2007இல் மூடினேன். நடுவில் 2003இல் செல்போனுக்கு வரும் அழைப்புக்குக் காசில்லை என்று ஆனபோதே கடையின் ஆயுசு தெரிந்துவிட்டது. அது வேறு கதை. பதினாறு வருடம் அடுத்தவர்கள் பேசுவதில் சோறு தின்றவன் நான். அதனால், டல்லாஸில் இருக்கும் என் மகன் "அப்பத்தாவுக்கு ஒரு டேப்லெட் வாங்கி வீடியோ கால் செட் பண்ணிக் கொடுங்கப்பா" என்றபோது, அரை மணி நேர வேலை என்றுதான் நினைத்தேன். பல மாதம் ஆயிற்று. அதில் செயலியை இறக்கியது, எண்ணைப் பதிந்தது எல்லாம் சேர்த்து அந்த அரை மணி நேரம்தான். மீதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 82 வயது. சோழவந்தானில் தனியாக இருக்கிறார். நான் திருநகரில் இருக்கிறேன்; கூப்பிட்டால் வரமாட்டார், வந்தாலும் மூன்றாம் நாள் பை கட்டிவிடுவார். கையில் ஒரு பட்டன் போன். எப்போதாவது நாங்கள் போகும்போது என் மனைவியின் போனில் பேரனைக் காட்டுவோம். "ஹலோ" என்றதும் அம்மாவின் கை தானாகப் போனைக் காதுக்குக் கொண்டுபோய்விடும். அம்மாவின் காதையும் கம்மலையும் பார்த்துக்கொண்டே இருபது நிமிடம் பேசியிருக்கிறான் என் மகன். போனைக் காதில் வைப்பது ஐம்பது வருடப் பழக்கம், சொல்லித் திருத்த முடியாது. பத்து அங்குலத்துக்கு மேல் இருக்கும் ஒரு பலகையை யாரும் காதில் வைக்கமாட்டார்கள். டேப் வாங்கியதற்கு முதல் காரணம் இதுதான். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் என்பதெல்லாம் அடுத்தது.

கடையில் வைஃபை மட்டும் உள்ளதைத்தான் முதலில் எடுத்துக் காட்டினார்கள். விலையும் குறைவு. அம்மா வீட்டில் அப்போது இன்டர்நெட் இணைப்பு இல்லாததால் சிம் போடுகிற மாதிரி கேட்டு வாங்கினேன். வீட்டில் இணைப்பு இருந்தால் அந்தக் கூடுதல் பணம் தண்டம். இன்னொன்றையும் கவனித்தேன், இதைக் கடைக்காரர் சொல்லவில்லை: முன்பக்கக் கேமரா நீளமான பக்கத்தில் இருக்கிறதா, குட்டையான பக்கத்தில் இருக்கிறதா என்பது. டேப்பைப் படுக்கை வசமாகத்தான் நிறுத்தப் போகிறோம். கேமரா ஓரத்துக்குப் போய்விட்டால், பேசுகிறவர் எந்நேரமும் பக்கத்து வீட்டைப் பார்ப்பதுபோல் தெரியும்.

முதல் தப்பு அன்றைக்கு இரவே நடந்தது. டேப்பில் வாட்ஸப்பைத் திறந்ததும் கியூஆர் கட்டம் ஒன்றைக் காட்டி, போனால் ஸ்கேன் செய் என்றது. என் போனைக் காட்டினேன், உடனே வேலை செய்தது. ஆகா என்று வைத்துவிட்டு வந்தேன். மறுநாளிலிருந்து எனக்கு வரும் கால் எல்லாம் சோழவந்தானிலும் அடித்தது. நான் வண்டியில் போகும்போது வந்த ஒரு காலை அம்மா எடுத்துவிட்டார். கூப்பிட்டவர் என்னோடு சீட்டுப் போட்டிருக்கும் நண்பர். நான் தவணை கட்டாமல் இழுத்தடித்த விஷயம் அன்று மாலையே பெற்ற தாய்க்குத் தெரிந்துபோயிற்று. போனோடு இணைத்த டேப் என்பது நம் போனின் நிழல். குரூப் செய்தி, கல்யாணப் பத்திரிகை, கடன் வாங்கியவன் மெசேஜ் எல்லாம் அங்கேயும் போகும். அதோடு, மூலப் போனைப் பதினான்கு நாள் பயன்படுத்தாமல் விட்டால் இணைத்த கருவிகள் தானாகக் கழன்றுகொள்ளும். ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு இது சரி. தனியாக இருக்கும் வயதானவருக்குத் தனி எண்தான் சரி. அந்தக் கியூஆர் பக்கத்தின் ஓரத்திலுள்ள மூன்று புள்ளியைத் தொட்டுப் புதுக் கணக்குப் பதியும் வழிக்குப் போனேன். அம்மாவின் பட்டன் போன் எண்ணையே கொடுத்தேன். ஓடிபி பட்டன் போனுக்கு எஸ்எம்எஸ்ஸாக வந்தது. பார்த்து டேப்பில் அடித்தேன். அந்த எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் சாகவிடக் கூடாது, அவ்வளவுதான்.

மகன் திரையில் வந்துவிட்டான். தங்கச்சி வரவில்லை. அவள் ஷார்ஜாவில் இருக்கிறாள். அமீரகத்தில் வாட்ஸப்பில் செய்தி போகும், படம் போகும், கால் போகாது. அங்கே அதற்கு அனுமதி இல்லை. இது எனக்கு முன்பே தெரியும், இருந்தும் மறந்துபோனேன். அங்கே அனுமதியுள்ள போட்டிம் செயலியைத்தான் நம் ஆட்கள் பெரும்பாலும் வைத்திருக்கிறார்கள். அதையும் இறக்கி அதே எண்ணில் பதிந்தேன். பழைய ஸ்கைப் ஞாபகத்தில் அதைத் தேடப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 2025 மே மாதம் அதை மூடிவிட்டார்கள்.

அடுத்தது எடுக்கும் பாடம். கூப்பிடும் பாடம் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். அம்மா எடுத்தால் போதும், கூப்பிடுவது எங்கள் வேலை. பூத்திலும் அப்படித்தான், எண்ணைச் சுழற்றத் தெரியாதவர்களுக்கு நான் போட்டுக் கொடுப்பேன், அவர்கள் பேசினால் போதும்.

அம்மாவுக்குத் திரையில் ஆள் தெரிவது அதிசயமாக இல்லை. கண்புரை பார்க்கப் போன இடத்தில் ஒரு பெண் கண்ணைச் சோதித்துவிட்டு, எங்கேயோ இருக்கும் டாக்டரைத் திரையில் கூப்பிட்டுப் பேசவைத்தாராம். "அந்த டாக்டரம்மா மாதிரிதானே?" என்றார். மதுரைப் பக்கம் இது பழைய சங்கதி. அரவிந்த் கண் மருத்துவமனை தன் பார்வை மையங்களைத் தேனி மருத்துவமனையோடு நெடுந்தூர வைஃபை மூலம் இணைத்து, இருபது வருடங்களுக்கு முன்பே கிராமத்தில் இருப்பவரை டாக்டர் திரையில் பார்க்கும்படி செய்துவிட்டது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆட்கள் அதற்குத் துணை நின்றார்கள். அம்மாவுக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. திரையில் ஒருவர் தன்னைப் பார்த்துப் பேசுவார் என்பது தெரியும். எனக்கு அதுவே பாதி வேலை.

மீதிப் பாதி, விரல். திரை அணைந்திருக்கும்போது கால் வந்தால் பொத்தானை மேல்நோக்கி இழுக்கவேண்டும். அம்மா அழுத்தினார். காலிங்பெல் அழுத்துவதுபோல் ஊன்றி அழுத்தினார். அடித்து ஓய்ந்தது. "தள்ளு", "தேய்", "இழு" என்று ஆளுக்கு ஒன்று சொன்னோம். கடைசியில் வாசலில் கோலத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. "அம்மா, இது புள்ளி இல்லை, கோடு. கீழேயிருந்து மேலே ஒரு கோடு இழும்மா." இழுத்தார், பேரன் வந்தான். "இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்று எனக்குத்தான் திட்டு விழுந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பேச்சில் தொடுவது என்றால் புள்ளி, நகர்த்துவது என்றால் கோடு.

கோடு இழுத்தும் சில நாள் எடுக்காது. வயதானவர்களின் விரல் நுனி காய்ந்திருக்கும். மின்சாரத்தைக் கடத்தும் விரல் பட்டதும் மின்புலம் மாறுவதை வைத்துத்தான் இந்தத் திரைகள் தொடுவதை அறிகின்றன; காய்ந்த தோலில் அந்த மாற்றம் குறைவு. ரூபாய் நோட்டு எண்ணுவதுபோல் அம்மா விரலை நாக்கில் தொட்டு வைத்தார், வேலை செய்தது. இப்போது பக்கத்தில் ஓர் ஈரத்துணி இருக்கிறது. ஊன்றி அழுத்துவதால் வேறொரு தொல்லை: ஐகான்கள் கழன்று இடம் மாறின, ஒருமுறை போட்டிம் முகப்பிலிருந்தே காணாமல் போயிற்று. அமைப்புகளில் அணுகல்தன்மைக்குள் போனால், எவ்வளவு நேரம் அழுத்தினால் நீண்ட அழுத்தமாகக் கொள்ளவேண்டும் என்று கூட்டி வைக்கலாம். கூட்டியதும் அந்தத் தொல்லை நின்றது. முகப்பில் இரண்டு செயலிகளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

இப்போது இடத்துக்கு வருகிறேன். உண்மையில் எனக்குச் சொல்ல இருப்பது இதுதான்.

முதல் இரண்டு மாதம் டேப் ஊர் சுற்றியது. ஒருநாள் கட்டிலில் தலையணைக்கடியில், ஒருநாள் டிவி மேல், ஒருநாள் யார் கையும் படக் கூடாது என்று பீரோவுக்குள். பீரோவுக்குள் இருந்த நாளில் மகன் ஏழு முறை கூப்பிட்டான். அம்மாவுக்குச் சத்தம் கேட்டதாம், எங்கிருந்து வருகிறது என்றுதான் தெரியவில்லையாம். எடுத்துப் பார்க்கும்போது சார்ஜ் இருக்காது. இருந்தால் எதிரில் வெளிச்சம் இருக்காது. அம்மா ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் கரிக்கட்டையாகத் தெரியும். மடியில் வைத்தால் மோவாயும் உத்தரமும்தான் தெரியும்.

அந்தக் காலத்து லேண்ட்லைன் போனுக்கு வீட்டில் ஓர் இடம் இருந்தது. அடித்தால் எல்லோருக்கும் எந்தத் திசையில் ஓடவேண்டும் என்று தெரியும். என் பூத்துக்கும் அப்படித்தான், ஒரு ஸ்டூல், ஒரு விளக்கு, ஒரு ஃபேன், ஒரு கதவு. டேப்புக்கும் ஒரு பூத் கட்டினால்தான் ஆகும் என்று தோன்றியது.

அம்மாவின் பழைய தையல் மிஷின் முற்றத்தை ஒட்டிய ஜன்னலோரம் சும்மா கிடந்தது. ஒரு காலத்தில் வெளிச்சம் பார்த்துத்தானே அங்கே போட்டிருப்பார்கள்! மிஷினை உள்ளே இறக்கி மூடினால் மேலே சமமான பலகை. அதன்மேல், அப்பா பாராயணத்துக்கு வைத்திருந்த மடக்குப் பலகை. அதில் டேப்பைச் சாய்த்தால், நாற்காலியில் உட்கார்ந்த அம்மாவின் கண்ணுக்கு நேராகக் கேமரா வந்தது. ஜன்னல் பக்கவாட்டில், முகத்தில் வெளிச்சம். சார்ஜர் வயரைப் பலகையின் காலில் நூலால் கட்டினேன். எப்போதும் சார்ஜில் கிடந்தால் பேட்டரி உப்பிவிடும் என்ற பயம் இருந்தது. எங்கள் டேப்பில் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும் வசதி இருந்ததால் அதைப் போட்டேன். உங்களுடையதில் இல்லாவிட்டால் காலையில் சொருகி மதியம் பிடுங்குவதுதான் வழி. சாய்த்து வைக்கும்போது ஸ்பீக்கர் துளை பலகையில் அடைபடாமல் பார்க்கவேண்டும். டேபிள் ஃபேன் நேராக டேப்பில் அடித்தால் எதிர்முனையில் ஆடிக்காற்று மாதிரி கேட்கும், அதையும் திருப்பினேன். காது மந்தமானவர்களுக்கு ஒரு குறிப்பு: பாட்டின் சத்தம் வேறு, காலின் சத்தம் வேறு. சும்மா இருக்கும்போது எவ்வளவு கூட்டினாலும் காலில் கூடாது. கால் ஓடிக்கொண்டிருக்கும்போதே கூட்டவேண்டும்.

இடம் அமைந்த பிறகும் சில நாள் கால் அடிக்கவே இல்லை. டேப் தூங்கும்போது பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று செயலிகளையும் தூங்கவைத்துவிடுகிறது. வாட்ஸப், போட்டிம் இரண்டின் பேட்டரி அமைப்பிலும் கட்டுப்பாடு வேண்டாம் என்று மாற்றினேன். அதன் பிறகு ஒழுங்காக அடித்தது.

நெட் விஷயம். நாளுக்கு 1.5 ஜிபி போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அது மாலைக்குள் தீர்ந்து, வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கி, பேரன் வாய் திறந்தபடி சிலையாக நின்றான். காரணம் இரண்டு. செயலிகள் சிம் டேட்டாவிலேயே தம்மைப் புதுப்பித்துக்கொண்டிருந்தன. எதிர்வீட்டுப் பையன் பள்ளி விட்டதும் வந்து அப்பத்தாவுக்கு "உதவி" செய்துகொண்டிருந்தான். அந்த உதவியில் பாதி கிரிக்கெட். பையனைக் கோபிக்க முடியாது, அவன்தான் அம்மாவுக்கு எங்களைவிட நல்ல வாத்தியார். அதனால் உள்ளூர் கேபிள்காரரிடம் ஃபைபர் இணைப்பு வாங்கினேன். பழைய வீடு, ஒன்றரை அடிச் சுவர். ரௌட்டர் முன்னறையில், தையல் மிஷின் இரண்டு சுவர் தாண்டி. வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அங்கே எட்டவில்லை, மெதுவான 2.4 சுவரைத் தாண்டி வந்தது. வீடியோ காலுக்கு அது தாராளம். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகலெல்லாம் கரண்டு போகும் நாளுக்காக ரௌட்டருக்கு 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் ஒன்று. அது இரண்டு, மூன்று மணி நேரம் இழுக்கிறது. வைகாசித் திருவிழாவில் தேருக்காக வயர்களை அவிழ்த்தபோது மட்டும் நான்கு நாள் நெட் இல்லை, யாரைச் சொல்ல? டேப்பில் சிம் இருந்தது, சமாளித்தோம். தண்டம் என்று மேலே எழுதியதைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளுங்கள்.

நேரத்தையும் இடம்போலவே நிலையாக வைத்தோம். ஞாயிறு மாலை ஏழரை, மகன். அங்கே காலை ஒன்பது. வியாழன் இரவு எட்டு, தங்கச்சி; அங்கே ஆறரை. அம்மா ஏழு மணிக்கே முகம் கழுவி, திருநீறு பூசி, மிஷின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். நவம்பர் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை ஏழரைக்குக் கால் வரவில்லை. எட்டுக்கும் வரவில்லை. அம்மா எனக்குப் பட்டன் போனில் கூப்பிட்டு, "பிள்ளைக்கு என்னவோ" என்று அழ ஆரம்பித்துவிட்டார். எட்டரைக்கு வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு வந்தான். அமெரிக்காவில் அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளிவிட்டார்கள். அவனுக்கு ஒன்பது ஒன்பதுதான், நமக்கு எட்டரை. மார்ச் இரண்டாம் ஞாயிறு திரும்ப முன்னே தள்ளுவார்கள். ஷார்ஜாவில் இந்த வேலை இல்லை, வருடம் முழுக்க நமக்கு ஒன்றரை மணி பின்னால். இப்போது காலண்டரில் அந்த இரண்டு ஞாயிற்றிலும் சிவப்பு வட்டம் போட்டு, "பேரன் எட்டரை", "பேரன் ஏழரை" என்று எழுதி மாட்டியிருக்கிறேன்.

பொங்கலன்று மூன்று வீட்டையும் சேர்த்துப் பார்க்க ஆசைப்பட்டோம். ஷார்ஜாவிலும் எடுக்கும் என்பதால் ஜூம். இலவசக் கணக்கில் நாற்பது நிமிடம்தான் தருவார்கள் என்பதை அம்மாவிடம் சொல்லவில்லை. தங்கச்சி பால் பொங்குவதைக் காட்டிக்கொண்டிருந்தபோது எல்லோரும் ஒரேயடியாக மறைந்தார்கள். "நான் என்னப்பா தப்பாப் பேசினேன்?" என்றார் அம்மா. டிரங்க் கால் காலத்தில்கூட ஆபரேட்டர் மூன்று நிமிடம் ஆனதும் ஒரு வார்த்தை சொல்வார். இது சொல்லாமல் வெட்டிவிட்டது. திரும்பச் சேர்வதற்குள் பொங்கல் இறக்கியாயிற்று. இப்போது கூட்டமாகப் பேசினால் முப்பத்தைந்தாவது நிமிடத்தில் நானே ஆபரேட்டராகிவிடுகிறேன்.

ஒருநாள் தெரியாத எண்ணிலிருந்து காக்கிச் சட்டையோடு ஒருவன் வந்தானாம். அம்மா பேரில் ஏதோ பார்சல் பிடிபட்டதாக இந்தியும் அரைத்தமிழுமாக மிரட்டி ஆதார் எண் கேட்டிருக்கிறான். "அது பீரோல இருக்கு, சாவி மகன்கிட்ட இருக்கு, அவன் ஞாயித்துக்கிழமை வருவான்" என்று அம்மா சொல்லியிருக்கிறார். அவனே வைத்துவிட்டான். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை, வியர்த்தது. டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் ஒன்றும் கிடையாது. போலீஸ் யாரையும் வீடியோ காலில் கைது செய்வதில்லை. பிரதமரே 2024 அக்டோபரில் வானொலிப் பேச்சில் இதைச் சொல்லவேண்டி வந்தது. பணம் போய்விட்டால் உடனே 1930க்குக் கூப்பிடவேண்டும். அன்று இரவே வாட்ஸப் தனியுரிமை அமைப்பில், தெரியாத எண்ணிலிருந்து வரும் கால் ஒலிக்காதபடி செய்தேன். அந்த டேப்பில் வங்கிச் செயலி எதுவும் கிடையாது, இனியும் வராது. வாட்ஸப் காலில் திரையைப் பகிரும் வசதி இருக்கிறது. மகன் டல்லாஸிலிருந்து அம்மாவின் திரையைப் பார்த்தே பல கோளாறுகளைச் சரிசெய்தான். அதே வசதியை மிரட்டுகிறவனும் கேட்பான். யார் கேட்டாலும் "மகனைக் கேட்டுச் சொல்றேன்" என்பதை அம்மாவுக்கு மனப்பாடம் செய்துவைத்திருக்கிறோம்.

இத்தனைக்கும் பிறகு ஒன்றைக் கவனிக்காமல் விட்டிருந்தேன். தங்கச்சி வியாழக்கிழமைதோறும் வந்தாள், சிரித்தாள், பிள்ளைகளைக் காட்டினாள். பத்து நிமிடத்தில் வைத்துவிடுவாள். அம்மா சத்தத்தை முழுக்க வைத்திருப்பதால் அவள் பேசுவது முற்றம் தாண்டி எதிர்வீட்டுத் திண்ணை வரைக்கும் கேட்கும். பையன் பக்கத்தில் நிற்பான், பூக்காரம்மா எட்டிப் பார்த்து "நல்லா இருக்கியாம்மா" என்பார், சமயத்தில் நானும் இருப்பேன். ஸ்டூல், விளக்கு, ஃபேன் எல்லாம் வைத்தவன் கதவை மறந்துவிட்டேன். காதில் மாட்டும் ஹெட்போன் வாங்கிக் கொடுத்தால், தன் குரலே தனக்கு அடைத்துக் கேட்கிறது என்று அம்மா கழற்றிவிட்டார்.

போன மாதம் ஒரு வியாழன் நான் அங்கே இருந்தேன். எட்டு மணிக்கு அடித்தது. அம்மா கோடு இழுத்தார், தங்கச்சி முகம் வந்தது. அவள் "அம்மா" என்று மட்டும் சொன்னாள். அம்மா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீ செத்த திண்ணையில போய் உக்காருய்யா" என்றார். பையனையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். உள்ளே ஜன்னலை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது. திண்ணையில் உட்கார்ந்து, பழைய பழக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பத்தேழு நிமிடம் ஓடிற்று.